பீடி சுற்றும் அம்மாவுக்கு நாள்பட்ட இடுப்பு வலி, கூடவே மனச்சோர்வு: எதை முதலில் பார்ப்பது?

குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மாவுக்கு இரண்டு வருடமாக இடுப்பு வலி, இப்போது பேச்சும் தூக்கமும் குறைந்துவிட்டது, எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 'எல்லாம் மனப்பிரமை' என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், வலி நிஜம். முதுகிலிருந்து ஏறும் வலியை மூளை மட்டுப்படுத்துவதற்கு செரட்டோனின், நார் எபிநெஃப்ரின் என்ற நரம்பு ரசாயனங்கள் வேண்டும். மனநிலையிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அதனால்தான் மனம் சோர்ந்தால் அதே முதுகு கூடுதலாக வலிக்கிறது. ஸ்கேனில் 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு சற்றுப் பிதுங்குவது) என்று வந்தால் கலங்காதீர்கள். வலியே இல்லாதவர்களிலும் 20 வயதில் சுமார் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது.

டுலாக்செடின் வலி, மனச்சோர்வு இரண்டுக்கும் கொடுக்கப்படும் மருந்து. பெரும்பாலும் 30 மில்லிகிராமில் தொடங்கி 60க்குப் போவார்கள். முதல் வாரம் குமட்டலாம். அதற்குப் பயந்துதான் பலர் விட்டுவிடுகிறார்கள். மனசு தேறச் சில வாரங்கள் ஆகும், திடீரென நிறுத்தவும் கூடாது. வலிக்கு டிரமடால் கலந்த மாத்திரை ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து வரலாம். கல்லீரல் கோளாறு இருந்தாலும் சொல்ல வேண்டும். கடையில் நீங்களாக வாங்குவதற்காக இதை எழுதவில்லை.

வலி குறைந்த நாளில் மொத்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வது, அடுத்த இரண்டு நாள் படுக்கை: நோய் நீள இதுவும் ஒரு காரணம். நல்ல நாளோ கெட்ட நாளோ, ஒரே அளவு வேலை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, முறத்தை மடியிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைக்கட்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, கழித்துக்கட்டும் பீடிக்குக் காசும் இல்லை. அவர்களிடம் 'ஓய்வெடுங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் என்ன பயன்? அந்தக் கோபம் எனக்கு எப்போதும் உண்டு.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும், பாகாயத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மையத்திலும் மனநலப் பிரிவு இருக்கிறது. உள்ளே போனதும் நீங்கள் பேசாதீர்கள், அம்மா தனியாகப் பேசட்டும். கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு, தொடையிடுக்கில் மரத்துப்போதல் வந்தால் அன்றே அவசரப் பிரிவு. விடாத காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால் முதுகெலும்புக் காசநோய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள். 'செத்தால் தேவலை' என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவித் தொலைபேசி எண், இரவிலும் தமிழில் பேசலாம்.