ஓரமாக நின்ற கிதார்

கேள்வி: கிதார் கலைஞர் ஒருவரின் ஜாஸ் ஃப்யூஷன் கச்சேரிக்குப் போயிருந்தேன். போஸ்டரில் அவர் படம்தான் பெரிதாக இருந்தது. மேடையிலோ வயலின், தபேலா, சாக்ஸஃபோன் என்று விருந்தினர்களே மாறி மாறி வாசித்தார்கள். அவர் ஓரமாக நின்று கார்ட்ஸ் (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கும் அடுக்குகள்) போட்டுக்கொண்டிருந்தார். இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். இது ரசிகனை ஏமாற்றுவது இல்லையா?

பதில்: இல்லை. ஓரமாக நின்று அவர் போட்ட கார்ட்ஸைத்தான் நீங்கள் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

ஜாஸில் அதற்குக் காம்பிங் என்று பெயர். சோலோ வாசிப்பவர் மூச்சு விடும் இடத்தில் ஒரு கார்ட். அவர் எங்கே திரும்புவார் என்று ஊகித்து, ஒரு நொடி முன்னதாகவே இன்னொன்று. தேவையில்லாத இடத்தில் மௌனம். ராகத்தை விரித்து வாசிக்கிற வயலின்காரர் பக்கத்தில் வந்து நின்றால் வேலை இன்னும் கடினம். தாளத்தின் ஒவ்வொரு சிறு சுற்றுக்கும் ஒரு கார்ட் என்று மாற்றிக்கொண்டே போனால் ராகம் கால் ஊன்ற முடியாது. ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஜாஸ் செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பது அந்த மேடையில், அந்த நொடியில் நடக்க வேண்டிய காரியம். குழுவை நடத்துவது என்றால் இதுதான். வேகமாகச் சோலோ வாசிக்க நிறைய பேர் இருக்கிறார்கள்.

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1969-ல் பதிவு செய்த 'பிட்ச்சஸ் ப்ரூ' ஃப்யூஷனுக்குப் பெரிய வாசலைத் திறந்த இசைத்தொகுப்பு. அதில் கிதார் வாசித்த ஜான் மெக்லாஃப்லின் டேவிஸின் நிரந்தரக் குழுவில் இல்லை, ஒலிப்பதிவுக்கு அழைக்கப்பட்டவர். அவர் பெயரையே ஓர் உருப்படிக்கு வைத்த டேவிஸ், அந்த உருப்படியில் ட்ரம்பெட்டைத் தொடவே இல்லை. அட்டையில் இருப்பது டேவிஸின் பெயர். அதையும் ஏமாற்று என்பீர்களா?

அதே மெக்லாஃப்லின், மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் இரட்டைக் கழுத்து எலெக்ட்ரிக் கிதாரை அதிர அதிர வாசித்தவர், 'சக்தி' குழுவில் எல். சங்கரின் வயலினோடும் ஜாகிர் உசேனின் தபேலாவோடும் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் தரையில் உட்கார்ந்தார். கையில் அக்கூஸ்டிக் கிதார். கமகம் பேசுவதற்காக, கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. கூடவே ஒலிக்கக் குறுக்கே ஏழு தந்திகள். வீணையும் பயின்றவர் அவர். பக்கத்தில் இருப்பவரின் மொழியைக் கற்க ஒருவர் இவ்வளவு தூரம் போயிருக்கிறாரே என்று எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

உங்கள் கோபத்துக்கும் இடம் உண்டு. விருந்தினர்களின் பெயரைக் காட்டி டிக்கெட் விற்று, ஒத்திகையே இல்லாமல் மேடையேற்றி, ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்து, கைதட்டல் வாங்கி அனுப்பிவிடுகிற கச்சேரிகள் நடக்கத்தான் செய்கின்றன. டிரம்ஸும் தபேலாவும் ஒன்றையொன்று சத்தத்தில் மிஞ்சப் பார்க்கும். யார் வாசித்ததும் யார் காதிலும் விழாது. ஃப்யூஷன் என்ற பெயருக்கே அது அவமானம். அப்படி நடந்திருந்தால் நானும் உங்கள் பக்கம்தான்.

ஆனால் நீங்கள் அதைச் சொல்லவில்லை. வயலின் விட்ட இடத்தை கிதார் எடுத்துக்கொண்டதா, தபேலா வாசித்து முடிக்கும் தீர்மானத்தில் (மும்முறை வரும் முடிப்புச் சொற்கட்டில்) எல்லோரும் ஒன்றாக வந்து இறங்கினார்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. யார் எவ்வளவு நேரம் வாசித்தார் என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது. அதுவும் பாதிக் கச்சேரியின் கணக்கு. விருந்தினர்கள் எல்லோரும் சேர்ந்து மேடையேறுவது பெரும்பாலும் கடைசி உருப்படியில்தான். அடுத்த முறை அதுவரை உட்கார்ந்து கேளுங்கள். அப்போதும் ஏமாற்று என்றே தோன்றினால் எழுதுங்கள், வெளியிடுகிறேன்.