தாவர உணவுக்குப் படிப்படியாக மாறலாமா? கேள்வி பதில்

கேள்வி: இறைச்சி, முட்டை, பால் எல்லாம் தினமும் உண்டு. கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது. எங்கிருந்து தொடங்க?

பதில்: நிறுத்துவதிலிருந்து தொடங்காதீர்கள். பலர் சறுக்குவது அங்கேதான். இறைச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சோறாலும் ரொட்டியாலும் நிரப்புவார்கள். இரண்டு மணி நேரத்தில் பசிக்கும், சில நாளில் பழைய தட்டுக்கே திரும்புவார்கள். முதல் இரண்டு வாரம், இப்போது சாப்பிடுவதோடு தினமும் அரை கப் வெந்த பருப்போ பயறோ சேருங்கள், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் ஒரு வேளையை முழுக்கத் தாவர உணவாக்குங்கள்; காலை வேளை எளிது. அது பழகியபின் அடுத்த வேளை.

கொலஸ்ட்ரால்தான் கவலை என்றால் வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுவது ஓட்ஸ், பார்லி, பயறு வகைகளில் உள்ள கரையும் நார்ச்சத்து. மூன்று மாதம் கழித்து ரத்தம் சோதியுங்கள். முழுதாக மாறும் நாளில், தாவர உணவை நம்பிப் பெற முடியாத வைட்டமின் பி12 மாத்திரை கையில் இருக்கட்டும்.

கேள்வி: பயறு சாப்பிட்டாலே வயிறு உப்புகிறது. விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், அளவைக் குறையுங்கள். பயறில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரை சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியா அதை வாயுவாக்கும். 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவையுங்கள். இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி வாரந்தோறும் கூட்டுங்கள். குடிக்கும் தண்ணீரும் கூட வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல்தான்.

சிவப்பு ராஜ்மா தனிக்கதை. ஊறியபின் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்தால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் அழியாது. வாந்தி, பேதியில் கொண்டுபோய் விடும்.

கேள்வி: புரதத்துக்கு என்ன செய்வது?

பதில்: எடையைக் கிலோவில் எடுத்து 0.8ஆல் பெருக்குங்கள். 60 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 48 கிராம். ஒரு கப் வெந்த பருப்பில் ஏறக்குறைய 18, கெட்டி டோஃபு (சோயா பன்னீர்) 150 கிராமில் 20 போல, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. மிச்சம் தானியத்திலேயே வந்துவிடும். புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில், தானியத்தில் லைசின் குறைவு, பயறில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் ஒரே நாளில் உள்ளே போனால் சரி, ஒரே வேளையில் கலக்க வேண்டியதில்லை.

கேள்வி: பி12க்கு மாத்திரை எதற்கு? ஸ்பைருலினா பாசியில் ஏராளமாக இருக்கிறதே சார்.

பதில்: அதில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. உருவம் ஒன்றுபோல் இருக்கும், நம் உடலில் வேலை செய்யாது. புளித்த உணவு, காளான் எதையும் நம்பி இருக்க முடியாது.

கேள்வி: மாடு எந்த மாத்திரை போடுகிறது?

பதில்: மாட்டின் முன்வயிற்றில் பாக்டீரியா பி12 செய்கிறது, அதற்குக் கீழே உள்ள சிறுகுடல் உறிஞ்சுகிறது. நமக்கும் பாக்டீரியா உண்டு, ஆனால் பெரும்பகுதி பெருங்குடலில். உறிஞ்சும் இடமோ அதற்கு முன்னாலேயே, சிறுகுடலின் கடைப்பகுதியில் முடிந்துவிடுகிறது. நமக்குள் தயாராவது நமக்கே கிடைக்காது.

கேள்வி: இரண்டு வருடமாக மாத்திரை இல்லாமல் இருக்கிறேன், ஹீமோகுளோபின் நன்றாகவே இருக்கிறது. வீண் பயம் காட்டுகிறீர்கள்.

பதில்: கல்லீரல் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும், அதைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள். கீரையும் பயறும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமினை அள்ளித் தருவதால் ரத்தசோகை மறைந்தே இருக்கலாம். நரம்பு பாதிப்பு அடியில் நடக்கும். கால் மரத்துப்போய் வருபவர்களில் சிலருக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்புவதில்லை. ஹீமோகுளோபினை விட்டுவிட்டு பி12 அளவையும், முடிந்தால், பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலத்தையும் பாருங்கள்.

கேள்வி: பி12 தேவையே நாளுக்கு 2.4 மைக்ரோகிராம். 1000 மைக்ரோகிராம் மாத்திரை விற்பது வியாபாரம் இல்லையா?

பதில்: நல்ல கேள்வி. வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் பிடித்துக்கொடுத்தால்தான் பி12 உள்ளே போகும். ஒரு தடவைக்கு அதன் கொள்ளளவு ஏறக்குறைய 2 மைக்ரோகிராம். அதற்கு மேல் உள்ளதில் 1 சதவீதம் அளவுக்குத் தானாகக் கசியும். ஆயிரம் விழுங்கினால் சேர்வது பத்துச் சொச்சம். அதனால் தினமும் 50, அல்லது வாரம் இரு முறை 1000. வியாபாரம் எங்கும் உண்டு, இந்தக் கணக்கு சரி.

கேள்வி: தாவர உணவில் புரதம் போதுமா?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: இரும்புச்சத்து குறைவு. கீரை தினமும் சாப்பிடுகிறேன்.

பதில்: சாப்பாட்டோடு தேநீர் குடிக்கிறீர்களா? அது இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளுங்கள், காபிக்கும் அதே. பயறின் மேல் எலுமிச்சை பிழியுங்கள், இரும்பு கூடுதலாகச் சேரும். பசலைக்கீரையை மட்டும் நம்ப வேண்டாம். அதன் கால்சியமும் கீரையிலேயே உள்ள ஆக்ஸலேட் என்ற பொருளில் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: இன்சுலின் போடுகிறேன். நாளையே மாறலாமா?

பதில்: மருத்துவரைப் பார்க்காமல் மாறாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் பழைய அளவு ஊசியே சர்க்கரையை ஆபத்தாக இறக்கும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் எடுத்தால், அதுவே பி12ஐக் குறைக்கும்.

கேள்வி: பிஸ்கட், சிப்ஸ், சோடா எல்லாம் தாவரம்தானே?

பதில்: தாவரம்தான். 2017இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், அந்த மாதிரித் தாவர உணவு அதிகம் உண்டவர்களுக்கு இதய நோய் ஆபத்து கூடுதலாக இருந்தது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, 58 கிலோ. அவருக்குப் புரதம்?

பதில்: மூன்றாவது புரதக் கேள்வி, ஆனால் இது வேறு. அந்த வயதில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை. 58 முதல் 70 கிராம். சிறுநீரகம் சரியா என்று முதலில் பாருங்கள். பிரிட்டனில் 2020இல் வெளியான நீண்டகால ஆய்வில், முழுத் தாவர உணவுக்காரர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு இறைச்சி உண்பவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. எனவே எடை குறைய விடாதீர்கள், வேளைக்கு 20 கிராமாகப் பிரித்துக் கொடுங்கள். மெல்ல முடியாவிட்டால் மென்மையான டோஃபு, மசித்த பருப்பு. கால்சியம் சேர்த்த சோயா பாலை ஊற்றும் முன் டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள், கால்சியம் அடியில் தங்கியிருக்கும்.