வன்னிப் பேச்சில் வேற்றுச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி (மாங்குளம்): கள்ளுக்கடையைக் கள்ளுத் தவறணை எண்டுறம். தவறு நடக்கிற இடம் எண்டபடியால் வந்த பேரோ, ஐயா?

பதில்: பகிடிக்கு நல்லது. ஆனால் 'தவறு' போக மிச்சம் நிற்கும் 'அணை'க்கு என்ன கணக்கு? சொல்லில் பாதியை மட்டும் விளக்கும் காரணத்தை ஏற்காதீர்கள். இது போர்த்துக்கேயரின் 'தவேர்னா'. ஆங்கிலத்திலும் 'ரவேண்' உண்டே என்றால், முதலெழுத்தைப் பாருங்கள். போர்த்துக்கேயமும் ஒல்லாந்தும் தந்த சொற்களில் அந்த 'T' ஒலி எங்களிடம் 'த' ஆகிறது: துவாய் (துண்டு), தாச்சி (பொரிக்கும் சட்டி), சப்பாத்து (காலணி), கந்தோர் (அலுவலகம்), இஸ்தோப்பு (விறாந்தை). ஆங்கிலத்திலிருந்து வந்தால் ரயர், ரிக்கற்.

கேள்வி (நெடுங்கேணி): அலவாங்கும் இருக்கிற வாங்கும் ஒரே வேரோ?

பதில்: இல்லை. முன்னது 'அலவங்கா', நெம்புகோல். பின்னது 'பங்கோ', நீள இருக்கை. இரண்டிலும் போர்த்துக்கேயர் அழுத்திச் சொல்லும் அசை தமிழில் நெடிலாயிற்று. 'பங்கோ'வின் முதலொலி தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வராத மெல்லிய 'ப', அதனால் 'வ'. 'சபாத்து' என்பதில் எழுத்து இரட்டித்துச் சப்பாத்து ஆனதும் இப்படித்தான்: ஒற்றையாய் விட்டால் ஒலி மெலிந்துவிடும். நீங்கள் கண்டுபிடிக்கும் மாற்றம் இன்னும் இரண்டு சொற்களிலாவது நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தற்செயல் ஒற்றுமை.

கேள்வி (முள்ளியவளை): குளம் நிரம்பி மிச்சத் தண்ணி வழியிறதை 'வான் பாயுது' எண்டுறது மழை வானத்தாலயோ?

பதில்: மழையோடு முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டுக் குளக்காரர் இதையே கலிங்கு, மறுகால் என்கிறார்கள். சிங்களத்திலோ 'வான்' என்றே இருக்கிறது. இலங்கைக்குள் மட்டும், அதுவும் இரு மொழியிலும் ஒரே தொழிலுக்கு வழங்கும் சொல்லை வானத்தில் தேடக்கூடாது. சிங்களப் பக்கம்தான் என் சாய்வு.

கேள்வி (பரந்தன்): ஆனையிறவில் ஆனை செத்ததோ?

பதில்: 'இறத்தல்' பழந்தமிழில் கடந்து போதல். ஒல்லாந்தர் காலத்தில் வன்னி ஆனைகளைக் கடல்நீரேரி கடத்தி யாழ்ப்பாணத்துக்கு விற்கக் கொண்டுபோனார்கள். சிங்களத்து 'அலிமங்கட'வும் ஆனை வழிதான்.

கேள்வி (வவுனியா): எந்த அகராதியை முதலில் பார்க்கிறது?

பதில்: வின்சுலோ, 1862. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சொற்தொகுப்பு என்பதால் எங்கள் வழக்குச் சொற்கள் அதில் அதிகம். பிறகு சென்னைப் பல்கலைக்கழக அகராதி. ஆனால் புத்தகத்தைத் திறக்க முன்னம் சொன்னவரின் ஊர், வயது, சொன்ன முழு வசனம் மூன்றையும் எழுதிவையுங்கள். ஒலியைத் திருத்தாமல் கேட்டபடியே எழுதுங்கள். 'த' எண்டு கேட்டதை 'ர' எண்டு எழுதினால் போர்த்துக்கேயன் ஆங்கிலேயனாகிவிடுவான்.