இரண்டு வளையலில் ஒன்று

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வீட்டுக்காரர் பவர் டேபிள் டெய்லர், பீஸ் ரேட் (தைத்த உருப்படிக்குக் கூலி). நான் செக்கிங், சிப்ட் கணக்கு (பார்த்த சிப்ட்டுக்குக் கூலி). சனிக்கிழமை சம்பளம் வந்தால் இருவருக்கும் சேர்த்து 8,500 ரூபாய். லைன் வீடு, வாடகை 6,500. கரண்டுக்கு யூனிட் 8 ரூபாய் என்று வீட்டு ஓனர் தனியாக வாங்குகிறார். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம்.

வருடா வருடம் பொங்கலுக்கு என் இரண்டு வளையலையும் அடகுக் கடையில் வைத்து 30,000 வாங்குகிறோம். நூற்றுக்கு ஒன்றரை வட்டி. தீபாவளி போனஸில் மீட்கிறோம். இந்த வருடமும் மீட்டாயிற்று, மறுபடி வைக்கத்தான் வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். கார்த்திகை ஒன்றாம் தேதியே மாலை போட்டுவிட்டார். மார்கழிக் கடைசியில்தான் மலைக்குப் போகிறார்கள். அதற்கான பணத்தைக் குருசாமியிடம் கொடுத்தாகிவிட்டது. சிகரெட் இல்லை, வீட்டில் கறி இல்லை. அப்படியும் கையில் ஒன்றும் தங்கவில்லை.

பொங்கல் செலவு: துணி 5,000, ஊருக்குப் போய்வரக் கார் 4,000, பொங்கல் வைக்கவும் பெரியவர்கள் கையில் கொடுக்கவும் 3,000, பள்ளி மூன்றாம் பருவம் 5,500, தை மாத மொய் 8,000. கையில் இருப்பது 4,000. மார்கழி ஒரு மாதம் சிக்கனமாக இருந்தால் வளையலை வைக்காமல் சமாளிக்க முடியுமா?

– பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். 25,500 வருகிறது. கையில் 4,000 போக 21,500 வேண்டும். அப்புறம் எதற்கு 30,000-க்கு வளையல் வைக்கிறீர்கள் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. இன்னொரு 8,500 எங்கே போகிறது? அந்த எண்ணைக் கடிதத்தின் மேலே ஏற்கனவே பார்த்திருக்கிறோமே என்று திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. அது உங்கள் ஒரு வாரச் சம்பளம்.

பொங்கலுக்குக் கம்பெனி மூடினால் பீஸ் ரேட்டுக்கும் சிப்ட்டுக்கும் அந்த வாரம் சம்பளம் கிடையாது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் பொங்கல் என்றால் செலவு கூடும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் செலவு கூடுகிற அதே வாரம் வரவு நின்றுபோகிறது. இதைப் பட்டியலில் எழுதாமல் விட்டதால் எல்லாப் பழியும் துணி மேலும் மொய் மேலும் விழுகிறது. ‘நாமதான் ஊதாரியா இருக்கோம்’ என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை, உங்கள் பட்டியலில் இருக்கிற மிகப் பெரிய செலவு அந்த விடுமுறை வாரம்தான். முதல் வரியில் அதை எழுதுங்கள். மொத்தம் 34,000.

நான் வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்திருந்தவள். பொங்கலுக்கு முந்தைய வாரம் வைக்க வருகிற முகங்களும், தீபாவளிக்கு முந்தைய வாரம் மீட்க வருகிற முகங்களும் பாதிக்குப் பாதி ஒன்றாகவே இருக்கும். உங்கள் கணக்கில் 30,000-க்கு மாதம் 450 வட்டி. பத்து மாதத்துக்கு 4,500. வருடத்துக்கு அரை வாரத்துக்கும் மேலான சம்பளத்தை அடகுக் கடைக்காகத் தைத்துக் கொடுக்கிறீர்கள். போனஸும் உங்களுக்கு வருவதில்லை. வந்த அன்றே போன பொங்கலுக்குப் போய்விடுகிறது.

இந்த ஒரே மார்கழியில் 30,000 சேர்க்க முடியாது. முடியும் என்று எழுதினால் நீங்கள் நம்பி, பிள்ளைகளுக்குப் பால் குறைத்து, கடைசியில் வளையலையும் வைப்பீர்கள். ஆனால் பாதியாகக் குறைக்கலாம்.

அதற்கு மார்கழிதான் சரியான மாதம். கல்யாணம் இல்லை, புதுவீடு புகுதல் இல்லை, காதுகுத்து இல்லை. ஆடியைப் போல மார்கழியும் யாரும் பத்திரிகை வைக்காத மாதம். மற்ற மாதங்களில் விசேஷம், மொய், போக்குவரத்து என்று உங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு எப்படியும் 2,000 போகும். இந்த மாதம் அது போகாது. மாலை போட்டதால் சிகரெட் இல்லை என்கிறீர்கள். சிகரெட்டும் டீயுமாக நாளுக்கு 80 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் நாலு வாரத்துக்கு 2,240. ஞாயிற்றுக்கிழமைக் கறி 500 என்றால் நாலு ஞாயிறுக்கு 2,000. கூட்டினால் 6,000-க்கு மேல்.

இந்தக் காசு எங்கேயும் தொலைந்துபோகவில்லை. சனிக்கிழமை சம்பளத்தோடு கலந்து, பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவில் பானிபூரியாகவும், ஆன்லைனில் வந்த ஏதோ ஒரு டப்பாவாகவும் ஆகிவிடுகிறது. செலவு நின்றது என்பதாலேயே சேமிப்பு ஆகிவிடாது, எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். மார்கழியில் நாலு சனிக்கிழமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளக் கவர் வீட்டுக்கு வந்தவுடன், மளிகைக் கடைப் பாக்கி தீர்க்கும் முன்பே, 1,500 ரூபாயை எடுத்துவிடுங்கள். ரொக்கமாக வைத்தால் வீட்டில் கண்ணில் படும். ஏடிஎம் கார்டு இல்லாத உங்கள் பழைய கணக்கு ஏதாவது இருந்தால் அதில் போடுங்கள்.

அடுத்து, துணி. திருப்பூரில் இருந்துகொண்டு, நாள் முழுக்கத் துணியைப் புரட்டிப் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு, பொங்கலுக்கு 5,000-க்குக் கடைத்துணி எடுக்கிறீர்கள்! தீபாவளிக்கு எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பெரியவர்கள் இருவருக்கும் இந்த முறை வேண்டாம். பிள்ளைகளுக்குக் காதர்பேட்டையில் எடுங்கள். எக்ஸ்போர்ட் மிச்சத்தில் நல்லது எது, பழுது எது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? செக்கிங் கண்ணைச் சொந்த வீட்டுக்கும் ஒரு நாள் பயன்படுத்துங்கள். 1,500-ல் முடியும். மிச்சம் 3,500.

கார் 4,000. ஊரில் இறங்கும்போது காரில் இறங்க வேண்டும் என்பது எனக்கும் தெரிந்த ஆசைதான். திருப்பூருக்குப் போனவன் நன்றாக இருக்கிறான் என்று ஊர் பார்க்க வேண்டும். ஆனால் அரசுப் பஸ்ஸில் நாலு பேர் போய்வர, டவுன் பஸ்ஸும் சேர்த்து 1,200-க்குள் அடங்கும். பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலக் கூட்டத்தில் போனால் பிள்ளைகளோடு நரகம். கம்பெனி மூடுகிற அன்று இரவே கிளம்பப் பார்க்காமல், மறுநாள் விடிகாலை பஸ்ஸைப் பிடியுங்கள். மிச்சம் 2,800.

மொய்யில் மட்டும் கை வைக்காதீர்கள். ‘ஆயிரத்துக்குப் பதில் ஐந்நூறு எழுதிவிடலாம்’ என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள், அவர்கள் உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று அதில் இருக்கும். அது வட்டியில்லாத கடன்; நாளைக்கு உங்கள் மகள் சடங்குக்கோ கல்யாணத்துக்கோ திரும்பி வர வேண்டிய பணம். குறைப்பதாக இருந்தால், கூட வேலை செய்கிறவர்களின் தூரத்துச் சொந்தத்துக்கு எல்லாம் குடும்பத்தோடு போவதைக் குறைக்கலாம். எழுத வேண்டியதை எழுதித்தான் ஆக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் போய்க் கேளுங்கள். ஜனவரியில் பாதி, பிப்ரவரியில் பாதி என்று 5,500-ஐப் பிரித்துக் கட்டுகிறோம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் பல பள்ளிகள் ஒத்துக்கொள்ளும். பள்ளி திறந்த பிறகு, ரிமைண்டர் வந்த பிறகு கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள். லீவுக்கு முன்பே கேளுங்கள். 2,750 தள்ளிப்போகும்.

சமையலில் பெரிதாக மிச்சமாகாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிரில் முருங்கைக்காய் விலை எகிறும், முட்டை விலையும் ஏறும். வடக்கே குளிர் வந்தால் நாமக்கல் முட்டைக்குக் கிராக்கி. மல்லிகைப்பூ பனியில் விளைச்சல் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகிற மாதம் இது, தலைக்குச் சாமந்தி போதும். மொச்சை, அவரை, முள்ளங்கி, கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் மலிவாகக் கிடைக்கும். தென்னம்பாளையம் உழவர் சந்தைக்கு விடிகாலையில் போய் வந்துவிட்டு சிப்ட்டுக்குக் கிளம்பலாம். லைன் வீட்டில் நாலு வீடு சேர்ந்து, வாரம் ஒருவர் போய் எல்லோருக்கும் வாங்கி வந்தால் தூக்கமும் மிச்சம். புளியும் மிளகாயும் வருடத்துக்கு என்று இப்போது வாங்காதீர்கள். புதுசு மாசி பங்குனியில் வரும்.

கரண்ட் விஷயம் வேடிக்கையானது. ‘குளிர் காலம்தானே, ஃபேன் ஓடவில்லை, பில் குறையும்’ என்று நினைப்போம். ஒரு ஃபேன் 75 வாட். ராத்திரி பத்து மணி நேரம் இரண்டு ஃபேன் ஓடினால் ஒன்றரை யூனிட். உங்கள் ஓனர் கணக்கில் 12 ரூபாய். அதை நிறுத்திவிட்டு, வெந்நீருக்கு 1,500 வாட் ஹீட்டர் ராடை ஒரு பக்கெட்டுக்கு அரை மணி நேரம் என்று இரண்டு பக்கெட்டுக்குப் போட்டால், அதுவும் ஒன்றரை யூனிட், அதுவும் 12 ரூபாய்! திருப்பூர்க் குளிருக்கு ஒரு பக்கெட் தண்ணீர் சூடாகக் கால் மணி நேரம் போதும், மிஞ்சினால் இருபது நிமிடம். அரை மணி நேரம் கொதிக்கவிட்டுப் பிறகு பச்சைத் தண்ணீர் கலந்துதானே குளிக்கிறோம்? போனில் அலாரம் வையுங்கள். ராடு ஓடும்போது பிள்ளைகள் பக்கெட்டில் கை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தொட வேண்டும்.

வீட்டு இணைப்புகளுக்கு ஒரு அளவு யூனிட் வரை இலவசம் என்பது உங்களுக்கும் தெரியும். ஒரே மீட்டரில் சப் மீட்டர் போட்டு யூனிட் 8 ரூபாய் வாங்கினால் அந்த இலவசம் உங்களிடம் வந்து சேர்வதில்லை. இதை ஓனரிடம் சண்டையாகக் கேட்க வேண்டாம்; வாடகை ஏற்றுகிற பேச்சு வரும் அன்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் கடைப் பொங்கல் பணத்தை வரவில் எழுதாதீர்கள். 2021-ல் 2,500 கொடுத்தார்கள். 2022-ல் பணமில்லை, பொருள்தான். 2023, 2024 இரண்டிலும் ஆயிரம். 2025-ல் மறுபடி பணமில்லை. வந்தால் ஊரில் மாமியார் கையில் கொடுக்கிற காசுக்கு ஆகட்டும்.

இப்போது கணக்கு. 34,000-ல் துணியும் காரும் குறைந்ததில் 6,300 போக 27,700. மார்கழிச் சேமிப்பு 6,000, கையிருப்பு 4,000, பள்ளியில் தள்ளிப்போன 2,750, இவை போக நிற்பது 14,950. ஆக 15,000 கடன் போதும்.

தங்கம் இன்று விற்கிற விலைக்கு 15,000-க்கு ஒரு வளையலே அதிகம். அடகுக் கடையில் ‘இரண்டையும் குடுங்கம்மா, அறுபதாயிரம்கூடத் தர்றேன்’ என்பார்கள். அந்தப் பேச்சுக்கு மயங்கித்தான் பல பேர் 15,000-க்கு வந்து 40,000 வாங்கிப் போவார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து எத்தனையோ பார்த்திருக்கிறேன். இரண்டாவது வளையலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். முடிந்தால் அடகுக் கடைக்குப் பதில் பொதுத்துறை வங்கிக்குப் போங்கள். அங்கே நகைக்கடனுக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைவுதான். வங்கி நேரமும் சிப்ட் நேரமும் ஒன்றாக இருப்பதால்தான் நீங்கள் போவதில்லை என்று தெரியும். அரை சிப்ட் போனாலும் போகட்டும், சில மாத வட்டி வித்தியாசத்திலேயே அது திரும்பி வந்துவிடும்.

ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு சனிக்கிழமைக்கு 700 ரூபாய். தை மாதத்து நாலு வாரம் பள்ளியின் மீதிப் பாதிக்கு. மாசியிலிருந்து நகைக் கடனுக்கு. சேர்ந்ததை மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் கட்டுங்கள். ‘வட்டிக்கு மட்டும்’ என்று கட்டாமல் அசலில் வரவு வைக்கச் சொல்லி, ரசீதில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருபத்தி இரண்டு, இருபத்து மூன்று வாரத்தில், ஆடி பிறக்கும்போது வளையல் வந்துவிடும். ஆடியிலிருந்து அடுத்த பொங்கல் வரை இன்னும் 25 வாரம் இருக்கிறது. அதே 700-ஐ நிறுத்தாமல் போட்டால் 17,500. இந்த முறை போனஸ் மீட்கப் போக வேண்டியதில்லை, அப்படியே கையில் நிற்கும்.

700 எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் டீக்கடைக்கு எத்தனை ரூபாய் போகிறது என்பதில்தான் அதில் பெரும்பகுதி இருக்கிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உபதேசம் செய்ய வேண்டாம். மாலை போட்டிருக்கிற நாட்களில் தினமும் 80 ரூபாயை அவரையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மலைக்குக் கிளம்புகிற அன்று, இருமுடி கட்டும் முன், அவரே எண்ணிப் பார்க்கட்டும்.