பச்சைப் பெட்டிக்குள் வண்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

களியக்காவிளையிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். உற்சவக் காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில், கானமேளாக் குழுவுக்கு ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். போவேன்.

சென்ற வருடம் திருவனந்தபுரத்தில் டியூப் ஸ்க்ரீமர் ஓவர்டிரைவ் பெடலின், அதாவது கிட்டார் ஒலியைக் கரடாக்கும், காலால் அழுத்தும் பெட்டியின், மலிவு நகல் ஒன்று வாங்கினேன். அதே பச்சை நிறம், அதே மூன்று குமிழ்கள். ஆனால் பதிவுகளில் கேட்ட ஒலி என் கையில் வரவில்லை. ஆலயத்து மிக்சரில் செருகி வாசித்தால் ரீங்காரமாக இருக்கிறது. போன மாதம் போதகர் ஐயாவே, "தம்பி, அந்த வண்டு இன்றைக்கு வேண்டாமே" என்று சொல்லிவிட்டார்.

ஒரு நண்பன், உள்ளே இருக்கும் சில்லை எடுத்துவிட்டு ஜப்பானிய ஜேஆர்சி 4558 போடச் சொல்கிறான். இன்னொருவன் டயோடுகளுக்குப் பதிலாக எல்இடி வைக்கச் சொல்கிறான். கானமேளாவில் கீபோர்டு வாசிக்கும் சேட்டன், எதையும் மாற்றாதே, ரேட் (Rat) என்ற வேறொரு பெடலை வாங்கு என்கிறார். என்னிடம் நாலாயிரம் ரூபாய் இருக்கிறது. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும். எதைச் செய்யட்டும்?

ம., களியக்காவிளை

*

அன்புள்ள ம.,

போதகர் ஐயாவின் காது நல்ல காது. வண்டுதான். ஆனால் அது பெடலுக்குள் இல்லை.

உங்கள் கடிதத்தில் சில்லு இருக்கிறது, டயோடு இருக்கிறது, சேட்டன்கூட இருக்கிறார். ஆம்ப்ளிஃபயர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கிட்டாரிலிருந்து பெடல், பெடலிலிருந்து நேராக மிக்சர், மிக்சரிலிருந்து சுவரில் தொங்கும் ஸ்பீக்கர்கள். இந்த வழியில் வாசித்தால் எந்த நாட்டுப் பெடலும் வண்டுதான்.

டியூப் என்பது வால்வு. நம் தாத்தாக்களின் ரேடியோவில் சூடேறி மினுங்கிய அதே கண்ணாடிக் குமிழ். வால்வு ஆம்ப்ளிஃபயரை அதன் தாங்கும் அளவுக்கு மேல் உந்தும்போது அலையின் உச்சி அமுங்கி, மூலச் சுரத்தோடு அதன் மடங்குகளும் ஒலிக்கத் தொடங்கும். அதுதான் ஓவர்டிரைவ். தம்புராவின் குதிரையில் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தி மேல்சுரங்களை வரவழைக்கிறார்களே, ஆசை என்னவோ அதே ஆசைதான். 1979 வாக்கில் ஐபனெஸ் பெயரில் வந்த டிஎஸ் 808 என்ற டியூப் ஸ்க்ரீமர், வால்வை அலறவைப்பதாகப் பெயரிலேயே சொல்லிக்கொண்டது. அதை வடிவமைத்தவர் மாக்ஸன் நிறுவனத்தின் சுசுமு தமுரா. அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் போன்றவர்கள் அதைச் சத்தமாகத் திறந்துவைத்த ஃபெண்டர் ஆம்புகளுக்கு முன்னால் வைத்தார்கள். ஒலியைக் கிழிக்கும் டிரைவ் குமிழ் குறைவாக, சத்தத்தை ஏற்றும் லெவல் குமிழ் கூடுதலாக. பாதி வேலையைப் பெடல் செய்தது, மீதியை ஆம்பின் வால்வும் ஸ்பீக்கரும் செய்தன. நீங்கள் அந்தப் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

ஸ்பீக்கர் செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. 440 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை வாசிக்கிறீர்கள். பெடல் அதன் உச்சியை மேலும் கீழும் ஒரே அளவில் அமுக்குவதால் 1320, 2200, 3080 என்று ஒற்றைப்படை மடங்குகள் பிறந்து மேலே போய்க்கொண்டே இருக்கும். கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கருக்கு 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே அவ்வளவாகக் காது கேட்காது. அந்த மந்தம் ஒரு குறை. கிட்டார்காரர்களுக்கு அதுவே வரம். அந்த உயரத்துப் பிசிறுகள் அங்கேயே விழுந்துவிடும். ஆலயத்து ஸ்பீக்கரோ பிரசங்கத்தின் ஒவ்வொரு 'ச'வும் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்று செய்யப்பட்டது. அது ஒரு பிசிறையும் விடாமல் எடுத்துக் கொடுக்கும். பெடலின் டோன் குமிழைக் குறைத்துப் பார்த்திருப்பீர்கள், கம்பளி போர்த்தியதுபோல் ஆகியிருக்கும். அந்தக் குமிழ் மென்மையாகச் சரிக்கிறது, ஸ்பீக்கர் செங்குத்தாக வெட்டுகிறது. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்க முடியாது.

எனக்கு இது தெரிந்த இரவு ஒன்று உண்டு. எல்லை தாண்டி ஒரு கோயில் உற்சவம், மேடையேறும் நேரத்தில் மழை. என் ஆம்பை நனையவிடக் கூடாது என்று வண்டியிலேயே விட்டுவிட்டு, பெடலை நேராக மிக்சருக்குக் கொடுத்தேன். முதல் பாட்டின் இடையிசையிலேயே சவுண்டு பார்க்கிற பையன் என்னைப் பார்த்துக் கையால் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினான். மீதி இரவு முழுக்கச் சுத்தமான ஒலியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பெடலைத்தான் பிரித்துப் போட்டேன், முட்டாள்தனமாக. அதில் ஒரு கோளாறும் இல்லை.

ஆகவே நாலாயிரத்தை இப்போதைக்குப் பெடலில் போடாதீர்கள். 10 அல்லது 15 வாட் பயிற்சி ஆம்ப் ஒன்று பழையதாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதை ஒரு நாற்காலியில் வைத்து, ஆலயத்தில் பாடுவதற்கு வைத்திருக்கும் சாதாரண டைனமிக் மைக்கை ஸ்பீக்கர்த் துணிக்கு முன்னால் இரண்டு விரல் தூரத்தில் நிறுத்துங்கள். கூம்பின் நடுவுக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாக இருக்கும், ஓரத்துக்கு நகர நகர மென்மையாகும். இந்த ஒரு நகர்த்தலில் நீங்கள் கேட்கும் வித்தியாசம், மூன்று சில்லு மாற்றினாலும் வராது. கானமேளாவில் மைக் வைக்க இடம் தரமாட்டார்கள், தெரியும். அங்கே கடைசிப் பெடலாக ஸ்பீக்கர்ப் பெட்டியின் குணத்தைக் கணக்காகப் பதிந்து வைத்திருக்கும் கேபினெட் சிமுலேட்டர் ஒன்றைப் போட்டுவிட்டு மிக்சருக்குள் போங்கள்.

சில்லு விஷயத்துக்கு வருகிறேன். 4558 அந்தக் காலத்தில் சாதாரண ஒலிக்கருவிகள் பலவற்றில் இருந்த மலிவான சில்லு. இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. டியூப் ஸ்க்ரீமரில் எவ்வளவு பெருக்க வேண்டும், எந்த அலைவரிசையைப் பெருக்க வேண்டும் என்பதை அதைச் சுற்றியிருக்கும் ரெசிஸ்டரும் மின்தேக்கியும் டயோடும்தான் முடிவு செய்கின்றன. சில்லு சொன்னதைச் செய்யும் வேலையாள். வேலையாளை மாற்றினால் சமையல் மாறாது. டிஎஸ் 808-க்கும் பிறகு வந்த டிஎஸ் 9-க்கும் சுற்றில் உள்ள முக்கிய வேறுபாடே வெளியேறும் இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்கள்தான்: முன்னதில் 100 ஓமும் 10 கிலோ ஓமும், பின்னதில் 470 ஓமும் 100 கிலோ ஓமும். இதற்காக மனிதர்கள் உறவை முறித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். சில்லுப் பேச்சு எல்லா இடத்திலும் பொய் என்று சொல்லமாட்டேன். சேட்டன் சொல்லும் ரேட்டில் எல்எம் 308 என்ற சோம்பேறிச் சில்லு இருந்தது. வேகமான அலையை அதனால் துரத்த முடியாது, அந்தச் சோம்பலும் ஒலியில் சேர்ந்துகொள்ளும். உங்கள் பச்சைப் பெட்டியின் கதை அதுவல்ல.

எல்இடி வைப்பது வேறு. அது உண்மையிலேயே மாற்றும். அலையின் உச்சியை அமுக்குவது டயோடுகள்தான். இப்போதுள்ள சிலிக்கன் டயோடு ஏறக்குறைய 0.6 வோல்டில் திறக்கிறது. சிவப்பு எல்இடி திறக்க 1.7 வோல்ட் அளவுக்கு வேண்டும். அலை அவ்வளவு உயரம் போன பிறகே அமுங்கும் என்பதால் ஒலி விரிந்து, விரலின் அழுத்தம் தெளிவாகத் தெரியும். கூடவே மொத்தச் சத்தமும் ஏறிவிடும். ஏமாற்று இங்கேதான். சத்தம் கூடினால் காது அதை நயம் என்று எடுத்துக்கொள்ளும். மாற்றிய பிறகு லெவல் குமிழைக் குறைத்து, பழைய சத்தத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நான் இரண்டு எல்இடி போட்ட பெடலை ஒரு வாரத்தில் பழையபடி ஆக்கினேன். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு சிலிக்கன் டயோடு சேர்த்ததை இன்னும் வைத்திருக்கிறேன். மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என்று அமுங்கும்போது இரட்டைப்படை மடங்குகளும் கலந்து, குரல் கொஞ்சம் தடிக்கும். 1981-இல் வந்த பாஸ் (Boss) நிறுவனத்தின் எஸ்டி 1 பெடல் அப்படித்தான், அதில் ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் ஒன்று.

ஆனால் எனக்குப் பிடித்த மாற்றம் டயோடில் இல்லை. பலகையில் 473 என்று அச்சிட்ட மின்தேக்கி ஒன்று இருக்கும், அதாவது 0.047 மைக்ரோஃபாரட். அது மஞ்சள், ஊதா, சிவப்புக் கோடு போட்ட 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடர்ச்சியாக நிற்கும். இந்த இருவரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் கோடு கிழிக்கிறார்கள். அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். உங்கள் தடித்த ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸ். ஆகவே அது ஏறக்குறைய சுத்தமாகவே கடந்து போகிறது, மேல் தந்திகள்தான் கிழிபடுகின்றன. வீட்டில் தனியாக வாசிக்கும்போது பெடல் மெலிந்து தெரிவது இதனால்தான். இன்னொரு 473-ஐ வாங்கி, பலகைக்குப் பின்புறம் பழையதன் இரண்டு கால்களுக்கும் குறுக்கே பற்றவைத்துவிடுங்கள். பக்கத்தில் பக்கமாக வைத்தால் மின்தேக்கிகள் கூடும். 0.094 ஆகி, கோடு 360 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பழையதைக் கழற்ற வேண்டாம், பிடிக்காவிட்டால் புதியதை மட்டும் எடுத்துவிடலாம். சில மலிவுப் பெடல்களில் பாகங்கள் அரிசிக் குருணை அளவுக்குத்தான் இருக்கும். மூடியைத் திறந்ததும் அப்படித் தெரிந்தால் மறுபடி மூடிவிடுங்கள்.

பிடித்த மாற்றம் என்றேன், மேடைக்கு நல்லது என்று சொல்லவில்லை. கானமேளாவில் பேஸ் கிட்டார் இருக்கிறது, கீபோர்டு சேட்டனின் இடது கை இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது. கீழ்த்தளம் முழுக்க ஆள் நிரம்பியிருக்கும் வீட்டில் நீங்களும் போய்ப் பாய் விரித்தால் யாருடைய குரலும் கேட்காது. அந்த 720 ஹெர்ட்ஸ் கோடு கஞ்சத்தனம் அல்ல, கூட்டத்துக்குள் கிட்டார் தனியாகக் கேட்க வேண்டும் என்ற கணக்கு. எனவே பெடலைத் தொடுவதற்கு முன் ஆம்பில் ஒரு மாதம் வாசியுங்கள். சபையில் பேஸ் இல்லாமல் கிட்டாரும் கீபோர்டும் மட்டும் என்றால் 473-ஐச் சேர்க்கலாம். மற்றபடி எனக்கு மனமில்லை.

ரேட் வாங்கலாமா? சேட்டனுக்கு அது பிடித்திருப்பதில் ஆச்சரியமில்லை, எல்லா வாத்தியத்தையும் தாண்டி நிற்கும். 1978 வாக்கில் வந்த அதில் டயோடுகள் பெருக்கம் முடிந்த பிறகு அலையைத் தரைக்கு இழுத்து வெட்டுகின்றன. டியூப் ஸ்க்ரீமரில் அலை ரப்பர் ஷீட் உருளைக்குள் நுழைவதுபோல் அமுங்குகிறது, ரேட்டில் அரிவாள் விழுகிறது. கீர்த்தனைக்கு அரிவாள் எதற்கு? பின்னொரு நாள் இரண்டாவது பெடல் வேண்டுமென்றால் அதே பாஸ் நிறுவனத்தின் ப்ளூஸ் டிரைவரை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். 1995-இல் வந்தது. முதன்மைப் பெருக்கத்துக்குச் சில்லுக்குப் பதில் தனித்தனி டிரான்சிஸ்டர்கள், கீழ்ச்சுரங்களையும் அவ்வளவாக வெட்டாது. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் அடங்கும், ஏற்றினால் சீறும். க்ளான் சென்டார் என்ற பெடலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள். பழையது ஒன்று பல ஆயிரம் டாலர். நான் ரப்பர் தோட்டக்காரன் அல்ல.

அடாப்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 9 வோல்ட், நடுமுள் நெகட்டிவ். ஒரு முறை அவசரத்தில் கீபோர்டின் அடாப்டரை எடுத்துச் செருகினேன், அதில் நடுமுள் பாசிட்டிவ். மெல்லிய புகை, மீன் கருகிய வாசனை. பாதுகாப்புக்காக வைத்திருந்த டயோடு மட்டும்தான் வெந்திருந்தது, அதை மாற்றியதும் பெடல் பிழைத்தது. என் அதிர்ஷ்டம் உங்களுக்கும் இருக்கும் என்று நம்பிச் செருகாதீர்கள். குமிழ் திருப்பும்போது கரகரவென்றால் அதுவும் பெடலின் குற்றமல்ல. இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்த நம் ஊரில் எந்தக் குமிழும் கரகரக்கும். மழை முடிந்ததும் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை திருப்புங்கள்.

என்னிடம் 473 ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கிறது. மார்த்தாண்டம் சந்தைக்கு வரும் நாளில் வீட்டுக்கு வந்து இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெடலையும் கொண்டுவாருங்கள், என் ஆம்பில் செருகிப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்