கருஞ்சீரக எண்ணெய் குடித்தால் பிரஷர் மாத்திரை வேண்டாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. இரண்டு வருடமாக அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறார். தினமும் கருஞ்சீரக எண்ணெய் குடித்தால் மாத்திரையே தேவையில்லை என்று யாரோ சொல்ல, நிறுத்தப் பார்க்கிறார். சரியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள். எண்ணெயில் பலன் இல்லாமல் இல்லை. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், கருஞ்சீரகம் பிரஷரின் மேல் அளவைச் சராசரியாக 3 புள்ளி அளவுக்குத்தான் இறக்குகிறது. 160 இருப்பவருக்கு அது 157, அவ்வளவுதான்.

ஆளை ஏமாற்றுவது இன்னொன்று. அம்லோடிபின் உடலைவிட்டு மெதுவாகத்தான் வெளியேறும். நிறுத்திய முதல் சில நாள் பிரஷர் பெரிதாக ஏறாது. 'எண்ணெய் வேலை செய்கிறது' என்று தோன்றும். அதன்பிறகு சத்தமில்லாமல் ஏறும்.

மாத்திரையோடு சேர்த்து எடுக்க விரும்பினால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈரானில் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்வில் கொடுத்தது 2.5 மி.லி., அதாவது அரை டீஸ்பூன், தினம் இரு வேளை, எட்டு வாரம். அதற்கு மேல் போக வேண்டாம். வெறும் வயிற்றில் எரிச்சல் தரலாம். சாப்பிட்ட பின் எடுப்பது நல்லது. சர்க்கரை மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்க மருந்தோ சாப்பிடுபவர்கள் தாங்களாகத் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

பாட்டிலையும் பாருங்கள். தலைக்குத் தேய்க்க விற்கும் 'கருஞ்சீரக எண்ணெய்' பெரும்பாலும் தேங்காயெண்ணெயில் விதையைக் காய்ச்சியது. அது குடிப்பதற்கு அல்ல. உணவுக்குரியது என்று அச்சிட்ட, செக்கில் ஆட்டிய எண்ணெயை, கருநிறக் கண்ணாடி பாட்டிலில் வாங்குங்கள். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். விதை வாங்கி ஆட்டுவதானால் நாலைந்தை நசுக்கி முகர்ந்து பாருங்கள். வெங்காய வாசனை வந்தால் அது வெங்காய விதை.

கேள்வி: நல்லெண்ணெயும் பிரஷரைக் குறைக்குமாமே?
– வாசகர், கடலூர்

பதில்: உங்கள் பக்கத்துச் சிதம்பரத்திலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வில், மாத்திரை சாப்பிட்டுவந்த 50 பேர் 45 நாள் நல்லெண்ணெய் மட்டுமே சமையலுக்குப் பயன்படுத்தினார்கள். பிரஷர் இறங்கியது, பழைய எண்ணெய்க்குத் திரும்பியதும் ஏறியது. அவர்கள் மாத்திரையை விடவில்லை, இருந்த எண்ணெயை மாற்றினார்கள். இந்த இரண்டையும் மறக்காதீர்கள்.

கடலை எண்ணெயில் தாளித்துவிட்டு, இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயை மேலும் ஊற்றினால் எடைதான் கூடும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கலோரி. நல்லெண்ணெய் ஊறுகாயையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள உப்பு, எண்ணெய் இறக்கியதை ஏற்றிவிடும். நாளெல்லாம் சேர்த்து உப்பு ஒரு டீஸ்பூனுக்குள், 5 கிராமுக்குள் இருக்கட்டும்.

எந்த எண்ணெயானாலும் பலனை நாக்கும் உடம்பும் சொல்லாது, கருவிதான் சொல்லும். காபி குடித்து அரைமணி கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து எழுதுங்கள். காலை மாத்திரைக்கு முன் ஒருமுறை, மாலை ஒருமுறை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வாய் குழறலோ சேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.