பதினொரு நாள்: கடிதமும் பதிலும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பீடி சுற்றும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு உங்கள் எழுத்தை வாசிக்கிறவள் நான். அம்பாசமுத்திரம் பக்கம். பெயரும் ஊரும் போட்டுவிட வேண்டாம்.

தம்பியைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வருஷம் பத்தாம் வகுப்பு. பரீட்சை எழுதாமலே எல்லாரும் பாஸ் ஆன செட்டு. இப்போது பிளஸ் டூ, வயது பதினேழு. இந்த வருஷம், 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி பள்ளிக்கூடம் திறந்ததும் இரண்டு நாள் போனான். அதோடு சரி.

ஆன்லைன் வகுப்புக்காகத் தவணையில் ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். காலையில் அதை ஜன்னல் கம்பியில் சாத்தி வைப்பான். டீச்சர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். எட்டிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டான். வாய்க்காலைத் தாண்டி வாழைக்குள் போய்விடுவான். வாழைத்தார் லோடு ஏற்றப் போய்க் கையில் காசும் புழங்கியது. முதலில் பீடி. என் தட்டில் ஆயிரத்துக்குப் பத்துப் பதினைந்து குறையும். நான்தான் எண்ணிக்கையில் தப்பு விட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் உதட்டுக்கடியில் வைக்கிற புகையிலைப் பை. அப்புறம் குடி. கடை மூடியிருந்த நாளில் அப்பாவுக்குத் திருட்டுத்தனமாய் விற்கிறவனிடம் போய் வாங்கி வந்ததும் இவன்தான், சின்னப் பயலைப் போலீஸ் பிடிக்காது என்று. போன வாரம் அவன் சாரத்து மடிப்பில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. வலி மாத்திரை என்றார்கள். பாதி காலி.

அம்மா, "கொரோனாதாம்ட்டி எம்பிள்ளையக் கெடுத்துட்டு" என்று அழுகிறாள். எனக்கு, என் தட்டில் இருந்துதான் எல்லாம் ஆரம்பித்ததோ என்று ராத்திரி தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

ஆடியில் மாடன் கோயில் பீடத்தில் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டினோம். பதினொரு நாள் தொடவில்லை. அந்தப் பதினொரு நாளும் கடையத்தில் மாமா வீட்டில் இருந்தான். மாமாவோடு ஆட்டுக்குப் போவான். ஊருக்குத் திரும்பிய அன்றைக்கே மறுபடியும் குடித்துவிட்டு வந்தான்.

இப்போது ஒரு போதை மீட்பு சென்டரில் இருந்து பேசியிருக்கிறார்கள். ராத்திரி வேன் அனுப்பித் தூக்கிக்கொண்டு போவார்களாம். மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாதாம். பணம் முன்னாலேயே கட்ட வேண்டுமாம். அப்பாவுக்குச் சம்மதம். அனுப்பலாமா, அண்ணாச்சி?

— ஒரு அக்கா

*

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் பீடித் தட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். கொரோனாவைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அப்பா அவனை மது வாங்க அனுப்பியதைப் பற்றி ஒரே ஒரு வரிதான். அந்த வரியை நான் நாலைந்து தரம் திரும்பப் படித்தேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, பெரியப்பா திண்ணையில் இருந்தபடியே சில்லறையை நீட்டி, "ஒரு சிகரெட் வாங்கிப் பத்த வச்சிட்டு வாலே" என்பார். பெட்டிக்கடைத் தூணில் கயிறு கனன்றுகொண்டு தொங்கும். அதன் நுனியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால்தான் சிகரெட் பற்றும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் இன்னொரு இழுப்பு. எனக்குக் கெட்ட சகவாசம் எதுவும் இருக்கவில்லை. வீட்டுப் பெரியவர் ஏவிய வேலையைச் செய்தேன். அது என்னை விட்டுப் போக முப்பது வருஷம் ஆனது.

2020 மார்ச் 24 மாலையில் மதுக்கடைகளை மூடினார்கள். மே 7-ல் திறந்தார்கள், உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தபின் மே 16-ல் மறுபடியும் திறந்தார்கள். இந்த வருஷம் மே 10-ல் மூடி ஜூன் 14-ல் நம் பக்கம் திறந்தார்கள். எல்லாம் சேர்த்தாலும் மூன்று மாதம் வராது. அந்த நாட்களில்தான் யார் விற்கிறான், எந்த மடைக்குப் பக்கத்தில் நிற்பான், எவ்வளவு கேட்பான் என்பதெல்லாம் உங்கள் தம்பிக்குப் பாடமாயிற்று. இந்த மாநிலத்தில் 21 வயது ஆகாதவனுக்கு மது விற்கக் கூடாது. கடையில் வயது கேட்பார்களோ மாட்டார்களோ, திருட்டுத்தனமாய் விற்கிறவன் கேட்கவே மாட்டான். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, குழந்தையை வைத்து மது விற்பது மட்டுமில்லை, சுமந்து வரச் செய்வதே குற்றம் என்கிறது. ஏழு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்பா மேல் புகார் கொடுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த மனிதர், கை நடுங்கியிருக்கும், பையனை அனுப்பிவிட்டார். ஆனால் அது ஒரு சின்ன விஷயம் என்று அவர் இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தால் நீங்கள் என்ன செய்தாலும் பலிக்காது.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். கொரோனா பிள்ளைகளைக் குடிகாரர்கள் ஆக்கியது என்று சொல்லிவிட முடியாது. கனடாவில் முதல் ஊரடங்கின்போது 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்கு மேல் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். பெரும்பாலான போதைப் பொருள்களில், தொடுகிற பிள்ளைகளின் விகிதம் குறைந்திருந்தது. ஐஸ்லாந்தில் 59,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள். மனச்சோர்வு கூடியிருந்தது, புகையும் குடிபோதையும் குறைந்திருந்தன. கூட்டாளிகளைப் பார்க்க முடியாததால் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த நினைப்பே வரவில்லை போல. நம் ஊரிலும் கோயில் கொடை இல்லை, கல்யாணப் பந்தல் இல்லை. விடலைப் பயல்கள் முதல் மடக்கைக் குடிப்பது பெரும்பாலும் அந்த ராத்திரிகளில்தானே.

கனடா ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. நிறுத்தாமல் தொடர்ந்த பிள்ளைகள் குடியையும் கஞ்சாவையும் முன்பைவிட அதிக நாட்கள் தொட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தன்னந்தனியாகத் தொட்டார்கள். உங்கள் கடிதத்தில் வாழைக்குள் அவனோடு யார் இருந்தார்கள் என்று தேடினேன். ஒருத்தர் பெயரும் இல்லை. எனக்குப் பயம் தந்தது அதுதான். கூட்டாளிகளோடு குடிக்கிற பையன் அவர்களைப் பார்க்கக் குடிக்கிறான். தனியே குடிக்கிறவன் எதையோ பார்க்காமல் இருக்கக் குடிக்கிறான். போன வருஷம் மார்ச்சில் இருந்து ஆகஸ்ட் முடியும்வரை பதினேழு மாதம். அதில் இந்த வருஷம் பிப்ரவரி 8-ல் இருந்து ஆறு வாரம்தான் அவன் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் நடந்தது. எழுத வேண்டிய பரீட்சை நடக்கவில்லை, விளையாட்டு இல்லை, அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு வாத்தியார் இல்லை. கம்பியில் சாத்திய போனிலிருந்து வந்த குரலுக்கு அவன் அங்கே இல்லாதது தெரியாது.

தட்டு விஷயத்தை இதோடு விட்டுவிடுங்கள். நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளைகள் சுற்றுகிற பீடியில்தான் அரிசி வருகிறது. உங்கள் கூலியில்தான் அந்தப் போனே வந்தது. இனிமேல் கட்டுகளை எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், போதும்.

சென்டருக்கு அனுப்ப வேண்டாம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 18 வயது ஆகாதவனை உள்நோயாளியாகச் சேர்ப்பதற்குத் தனி விதி வைத்திருக்கிறது. வேறு வழியே இல்லாதபோதுதான் சேர்க்கலாம். பெரியவர்களோடு கலந்து வைக்கக் கூடாது. முக்கியமாக, அவனுடைய ஆள் ஒருவர் சிகிச்சை முடிகிறவரை கூடவே தங்க வேண்டும். 'யாரும் பார்க்கக் கூடாது' என்று சொல்கிற இடம் அந்த ஒரு பேச்சிலேயே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அப்படி வேனில் போன ஒரு பையனை எனக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்து வந்தான். அவன் அம்மா சோறு வைத்தால், அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் தட்டைத் தொடுவான்.

பதினொரு நாள் விட்டிருந்தான் என்பதைத் தோற்றுப்போன கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே நம்பிக்கை தந்த இடம் அதுதான். பதினேழு வயதில் பதினொரு நாள் சின்ன விஷயமா? கயிறுக்கும் சத்தியத்துக்கும் அதில் பங்கு இருக்கட்டும், மாடன் மேல் பயம் இருப்பதும் நல்லதுதான். ஆனால் காலையில் கூப்பிட ஒரு ஆள், நடக்கத் தூரம், சாயங்காலம் ஆடுகளை எண்ணிப் பட்டியில் அடைக்கிற வேலை, பக்கத்தில் ஒரு மாமா. இவ்வளவும் அங்கே இருந்தது. திரும்பி வந்த வீட்டில் இதில் ஒன்றும் இல்லை, அதே வாழை இருந்தது. முடிந்தால் மாமாவைக் கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் வந்து இருக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் சனி, ஞாயிறு அவன் அங்கே போகட்டும்.

மாத்திரையைத்தான் உடனே கவனிக்க வேண்டும். கடும் வலிக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் அபின் வகையைச் சேர்ந்தவை. அவற்றோடு குடியும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகும். அவன் எழுப்பினால் எழும்பவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு என்று வாயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள், புரை ஏறி மூச்சே நின்றுவிடும். அந்த அட்டையைத் தூர எறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சண்டை போட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தவும் வைக்காதீர்கள். தினம் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். பைத்தியத்துக்கா கூட்டிப் போகிறாய் என்று அவன் கேட்பான். உடம்பு கெட்டுப் போயிருக்கிறது, அதற்குத்தான் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே. போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் போதை மீட்புக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. அவன் இன்னும் 18 ஆகாதவன் என்பதால் குழந்தைகள் உதவி எண் 1098-லும் பேசலாம். போலீசுக்குப் போய்விடுமோ என்று தயங்க வேண்டாம். நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போவது சிகிச்சைக்கு.

பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குப் பிடித்த ஒரே ஒரு வாத்தியாரிடம் முழுசாகச் சொல்லுங்கள். அவர் ஒரு தரம் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏலே, நாளைக்கு வா" என்றால் அதன் பலமே வேறு.

அப்பாவிடம் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். கோபப்பட்டால் என் எண்ணைக் கொடுங்கள், தனியாக அனுப்பியிருக்கிறேன், நான் பேசுகிறேன். பையனிடம் அவர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "ஒன்ன அனுப்புனது எந்தப்பு." பாளையங்கோட்டைக்கு அவரும் வந்து தன் கையையும் டாக்டரிடம் காட்டினால் ரொம்ப நல்லது. வரமாட்டேன் என்றால் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்குப் பீடி சுற்ற முடியாது, கூலி போய்விடும், தெரியும். திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே நீங்களும் அவனும் கிளம்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்